மஹ்ரீன் மதுரையில் இல்லை

சிவகாசி
28.11.2006, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அப்சானாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் நவ்ஷாத்தும் மஸ்கட்டில் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், இந்தத் தடவை ஆளுக்கு ஆள் பிரித்தே எழுதுகிறேன். நான் நலம், சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். உன் அம்மா முக்கால்வாசி நலம், மழைக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, மாடிப்படி ஏறும்போதெல்லாம் இந்த வீட்டைக் கட்டின என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். உன் தங்கச்சி மஹ்ரீன் ஒரு மாதமாகத் தேறி வந்தாள். வெள்ளிக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து மறுபடியும் நலமில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பேனா எடுத்துக் கடிதம் என்று எழுதி வருஷக்கணக்காகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாலு தடவை உன் நம்பருக்குப் போட்டேன், மூன்று தடவை மணி அடித்து அடித்து நின்றது, நாலாவது தடவை நவ்ஷாத் எடுத்து, அவ தூங்குறா மாமா என்றார். சாயங்காலம் ஏழு மணிக்கு நீ தூங்குகிறவள் இல்லை. பரவாயில்லை, போனில் நான் ரெண்டு சொல்வதற்குள் நீ நாலு சொல்வாய், நடுவில் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள். காகிதத்தில் எழுதினால் நடுவில் யாரும் வர முடியாது. கோபத்தில் ஓரமாக வைத்தாலும் சாயங்காலம் எடுத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

நீ சொன்னதை நான் மறக்கவில்லை. உன் நாத்தனார் விருதுநகரிலிருந்து போன் போட்டு, உன் தங்கச்சிக்கு மூளை சரியில்லையாமே, எங்ககிட்ட மறைச்சுட்டீங்களே என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கோபத்தில் நீ என்னிடம், வீட்டு விஷயத்தைக் கடைத்தெருவுல கொண்டு போய்க் கொட்டிட்டீங்களே அத்தா, நாளைக்கு அவளை எவன் கட்டுவான், நான் இங்க இவுகளுக்கு என்ன பதில் சொல்ல, பரீட்சை முடியுற வரைக்கும் அவளை யார் கண்ணுலயும் படாம வைங்க என்று சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டாய். உனக்குத் தெரியாத ஒன்று, அப்போது மஹ்ரீன் என் பக்கத்தில்தான் நின்றாள். அடுத்தது தன் கைக்குப் போன் வரும் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றாள். உன் குரல் என்ன சின்னக் குரலா, ஒரு வார்த்தை விடாமல் அவள் காதில் விழுந்தது. லைன் கட்டான பிறகும் நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, சரிம்மா, நல்லதும்மா, அவகிட்ட சொல்றேம்மா என்று நடித்துப் பார்த்தேன். அவள் நீட்டின கையை இழுத்துக்கொண்டு, அக்கா என்னை நெனைச்சு வெட்கப்படுறாளா அத்தா என்று கேட்டாள். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று மாடிக்குப் போனவள்தான். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாசுக்குப் போகவில்லை, நேற்றும் இன்றும் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. இன்னும் ரெண்டு வாரத்தில் அரையாண்டுப் பரீட்சை. பரீட்சை கிடக்கட்டும், பிள்ளை மறுபடியும் கட்டில் ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்திருக்கிறாள், எனக்குப் பயம் அதுதான்.

யார் கண்ணிலும் படாமல் வை என்கிறாய். வைத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் உன்னிடமும் நாங்கள் பாதிதான் சொன்னோம். முழுவதையும் இப்போது எழுதுகிறேன். நீ கல்யாணமாகிப் போய் வருகிற ஜனவரியோடு ஒரு வருஷம். நீ இருந்த வரைக்கும் நீங்கள் ரெண்டு பேரும் விளக்கை அணைத்த பிறகும் குசுகுசு என்று பேசிக்கொண்டே கிடப்பீர்கள், நான் கீழேயிருந்து சத்தம் போடுவேன். நீ போனதும் மாடி அமைதியாகிவிட்டது. பிள்ளை நல்லாப் படிக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன், உன் அம்மாவிடமும் பெருமையாகச் சொன்னேன். ஜூலையில் சாப்பாடு குறைந்தது, தலைவலி என்றாள், வயிற்று வலி என்றாள், தூக்கமில்லை. ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு திங்கட்கிழமை யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டி, செருப்பு போட்ட காலோடு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். என்னால முடியலை அத்தா என்றாள். என்ன முடியலை என்று கேட்டேன், தெரியலை என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, முதலில் வாசல் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அது என் தொழில் புத்தி. தொண்ணூற்று மூன்றில் பெய்த மழையில் குடோனுக்குள் தண்ணீர் ஏறி நாற்பது மூடை மாவு நனைந்தது, நீ அப்போது சின்னப் பிள்ளை. நான் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. மாவு வியாபாரி சுல்தானுக்கு அடி விழுந்துவிட்டது என்று கடைத்தெருவுக்குத் தெரிந்தால் சரக்குத் தருகிறவன் நிறுத்துவான், வாங்குகிறவன் மறுநாளே வேறு ஆளைப் பார்ப்பான். சிரித்த முகத்தோடு கடையைத் திறந்து வைத்துத் தப்பித்தேன். சைக்கிள் கேரியரில் பசை மாவு மூடையைக் கட்டிக்கொண்டு பட்டாசுக் கம்பெனி, தீப்பெட்டிக் கம்பெனி என்று வாசல் வாசலாக நின்றவன் இன்றைக்கு லாரியில் லோடு அனுப்புகிறேன் என்றால் அந்தப் பழக்கமும் ஒரு காரணம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். மாவுக்கு அது சரியாக வந்தது. பிள்ளைக்கும் அதையே செய்தேன், அங்கேதான் தப்பு.

பள்ளிக்கூடத்தில் மஞ்சள் காமாலை என்று டாக்டர் சீட்டு வாங்கிக் கொடுத்தேன். தெருவில், மதுரையில் சின்னம்மா வீட்டில் தங்கி டியூஷன் படிக்கிறாள் என்று சொன்னோம். காமாலை என்றால் பார்க்க வருவார்கள், டியூஷன் என்றால் வரமாட்டார்கள், அப்படி யோசித்துச் சொன்னது. அன்றிலிருந்து அவள் இந்த வீட்டில் இல்லாத பிள்ளை. மொட்டை மாடிக்குப் போகக் கூடாது, ஜன்னல் திரை விலகக் கூடாது, வாசல் மணி அடித்தால் டிவியை நிறுத்திவிட வேண்டும், இருமல் வந்தால் தலையணையில் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற செல்வலட்சுமியை உனக்கு நினைவிருக்கும், பக்கத்துத் தெரு இருளம்மாள் மகள். அந்தப் பிள்ளை நோட்டைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் உன் அம்மா வாசலை மறித்து நின்று, அவ மதுரையில இருக்காம்மா என்று அனுப்பினாள். கடைசித் தடவை அது, போன் நம்பராவது குடுங்க அத்தை, நான் ஒரு தடவை பேசிக்கிறேன் என்று கெஞ்சியிருக்கிறது. மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்து மஹ்ரீன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று உண்டு, உன் அம்மாகூட உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். செப்டம்பரில் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உன் பெரியப்பா குடும்பம் சொல்லாமல் வந்து இறங்கியது. பிள்ளைகள் மாடிக்கு ஓடும், கதவைத் தள்ளும் என்று நான் குடோன் பூட்டை எடுத்துப் போய் அவள் அறைக்கு வெளியே பூட்டினேன். சரக்கு அடைச்சு வச்சிருக்கேன், யாரும் மேல போகாதீங்க என்றேன். அவர்கள் சாப்பிட்டுப் பேசிக் கிளம்ப நாலு மணி நேரம் ஆனது. உள்ளேயிருந்து ஒரு சின்னச் சத்தம் வரவில்லை. திறந்தபோது, போயிட்டாங்களா அத்தா என்று கேட்டாள், அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால், கத்தி அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். தான் இருக்கிறது தெரியக் கூடாது என்று அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள், அதை நான்தான் கற்றுக் கொடுத்தேன்.

அவள் மட்டுமா. உன் அம்மா அந்த ரெண்டரை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை, போனால் சின்னவ எங்கே என்று கேட்பார்கள். வாசலுக்கு யார் வந்தாலும் முதலில் மாடியைத்தான் பார்ப்பாள். ஆள் பாதியாகிவிட்டாள், பிரஷர் மாத்திரை போட ஆரம்பித்தது அப்போதுதான். நான் குடோனில் லோடுமேன்களைக் காரணமில்லாமல் வைதேன், நெஞ்சு எரிகிறது என்று தினமும் சோடா குடித்தேன். மூன்று பேரும் ஒரே வீட்டுக்குள் இருந்தோம், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேசவில்லை. வைத்தியமும் ஒளிந்துதான், நம்மைத் தெரியாத ஊராகப் பார்த்து, முகத்தை மூடிக்கோ என்று சொல்லிக் கூட்டிப் போனேன். ஓதிப் பார்த்தேன், சத்து ஊசி போட்டேன். உன்னிடம் உன் அம்மா செப்டம்பர் கடைசியில் சொன்னபோது, வெளிய சொல்லாதீங்கம்மா என்று நீயும் சொன்னாய். குற்றமாகச் சொல்லவில்லை, நீ என் மகள், வேறு என்ன சொல்வாய்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இருளம்மாள் காலிச் சாக்கு எடுக்க வந்தாள். அவள் எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள், ஞாயிறு மட்டும் நம் குடோனில் மாவுச் சாக்கை வாங்கி உதறித் துவைத்து விற்பாள். சீசன் முடிந்து கம்பெனி பூட்டிவிட்டதால் அன்றைக்கு அவசரமில்லாமல் நின்றாள். நின்றவள் உன் அம்மாவைப் பார்த்து, பாயம்மா ஒண்ணு கேக்கட்டா, தப்பா நெனைக்காதீக, ஸ்கூல்ல மஞ்சக் காமாலைங்கிறாக, நீங்க டியூசன்ங்கிறீக, மதுரையில இருக்கிற பிள்ளையோட சுடிதாரு இங்கன கொடியில காயுது, இதுல எதை நான் நம்ப என்றாள். உன் அம்மா அப்படியே கொடிக் கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். நான் வேகமாக வந்து, சாக்கை எடுத்தமா போனமான்னு இருக்கணும் என்று அதட்டினேன். அவள் அசையவில்லை. சாக்கு எங்கயும் ஓடிராது பாய் என்றாள். எம் பிள்ளை மூணு வாட்டி வந்து திரும்பிப் போனா, அவளுக்கு எம்மேல என்ன கோவமோன்னு ரெண்டு நாளு சோறு திங்கலை, ஒரு பிள்ளைக்குச் சொகமில்லைன்னா ஒரு பிள்ளையோட போகட்டும், நீங்க ரெண்டு பிள்ளைய அழ வச்சிருக்கீக என்றாள்.

பிறகு உன் அம்மா பக்கத்தில் சாக்கு அடுக்கின் மேலேயே உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னாள். அவர்கள் வேனில் பதினெட்டுப் பெண்கள் போகிறார்கள். எவளாவது ரெண்டு நாள் வேலைக்கு வரவில்லை என்றால் மூன்றாவது நாள் வேனை அவள் வீட்டு வாசலில் நிறுத்திவிடுவார்களாம். டிரைவரு வைவான், போர்மேன் வைவான், நாங்க நிப்பாட்டத்தான் செய்வோம் என்றாள். போன வருஷம் அவள் புருஷன் இறந்து, எழுந்திருக்கவே பிடிக்காமல் கிடந்தபோது அவளுக்கே நிறுத்தியிருக்கிறார்கள். தலைகூடச் சீவலை பாயம்மா, நாலு பேரு அப்படியே தூக்கி வேன்ல போட்டாளுக, வேலை செய்யாட்டியும் கெடக்கு, எங்ககூட வந்து உக்காருடின்னாளுக, ஒருத்தி சோறு, ஒருத்தி கொழம்பு, ஒருத்தி வைஞ்சுக்கிட்டே பேன் பாத்தா, பத்து நாள்ல நானே ஏறிட்டேன் என்றாள். அதைச் சொல்லிவிட்டு யாரையும் கேட்காமல் மாடிப்படி ஏறினாள். நான் தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பும் இல்லை. அரை மணி நேரம் கழித்து இறங்கி, பிள்ளை எண்ணெய் வைக்காம தலை சிக்காக் கெடக்கு, சாயங்காலம் செல்வியை அனுப்புறேன் என்று சாக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். மஹ்ரீனுக்காக இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாளாம், நம்மால் முடிந்ததை நாமும் கொடுத்தனுப்ப வேண்டும் என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து செல்வலட்சுமி தினமும் ஐந்து மணிக்கு வருகிறாள். முதல் வாரம் இவள் பேசவே இல்லை, அந்தப் பிள்ளை பாட்டுக்குத் தன் வீட்டுப் பாடத்தை எழுதிவிட்டுப் போகும். ரெண்டாவது வாரம் ஒரு நாள் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம். வாத்தியார் ஒருவர் சட்டையைத் திருப்பிப் போட்டு வந்துவிட்டாராம். உன் அம்மா பால் கொதிக்கிற அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டாள். நான் முதன்முதலில் வெளியே சொன்னது ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிற நாகையாவிடம். லோடு ஏன் லேட்டு என்று கேட்டான், லாரி ரிப்பேர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வேறு வந்துவிட்டது. அவன் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, லோடு ரெண்டு நாள் கழிச்சு வந்தாப் போதும் பாய், நான் சமாளிச்சுக்கிறேன், நீங்க முதல்ல பிள்ளையை மதுரையில மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க, என் கொழுந்தியாளை அங்கதான் காட்டினோம் என்று சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தான். ஆர்டர் இன்றைக்கும் நம்மிடம்தான் இருக்கிறது. பள்ளிவாசலில் துஆ கேட்கச் சொன்னேன், அதைக் கேட்பதற்கும் தொழ வைக்கிற ஹஜ்ரத்திடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. ரெண்டரை மாதமாகப் பிள்ளைக்காக ஒரு துஆகூடக் கேட்டு வாங்காமல் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மதுரையில் டாக்டர் என்னிடம், படிப்பைத் தவிர வேற விஷயம் இந்தப் பிள்ளை தினமும் யார்கிட்ட பேசுது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மஹ்ரீனே மெல்ல, அக்கா இருந்தா என்றாள். இப்ப என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். மாத்திரை கொடுத்தார், மாதம் ஒரு தடவை வரச் சொன்னார், மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, வீட்டுக்கு ஆள் வரப்போக இருக்கட்டும், ரெண்டும் வேணும் என்றார். பெருநாளைக்கு இருளம்மாளும் செல்வியும் வந்து பிரியாணி சாப்பிட்டார்கள். பெருநாள் முடிந்து அரை நாள் அரை நாளாகப் பள்ளிக்கூடம் போனாள், இந்த மாதம் முழு நாளும் போனாள். கம்பெனி திறந்த பிறகு காலை ஏழு மணிக்கு இருளம்மாளின் வேன் நம் தெரு வழியாகப் போகும்போது மாடி ஜன்னலில் நின்று கையசைப்பாள், உள்ளேயிருந்து பதினெட்டுப் பேரும், ஏ புள்ள சாப்பிட்டியா என்று கத்துவார்கள். தெருவே வேடிக்கை பார்க்கும். முன்னே மாதிரி இருந்தால் நான் ஜன்னலைச் சாத்தியிருப்பேன்.

சனிக்கிழமையும் நேற்றும் ஜன்னலில் அவள் இல்லை. இன்றைக்குக் காலையில் வேன் நம் வாசலில் வந்து நின்றது. டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே வைதான், இருளம்மாள் தூக்குச்சட்டியோடு இறங்கி நேரே மாடிக்குப் போனாள். திரும்பி வந்து என்னைப் பார்த்து, பெரிய பிள்ளை போனை வச்சிருச்சாமே பாய், அதுக்கு வெவரம் தெரியாது, நீங்க உக்காந்து எழுதிப் போடுங்க, போன்ல உங்களுக்குப் பேச வராது என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். அதனால்தான் கடைக்குப் போகாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் மாமனார் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஊரெல்லாம் சொன்ன நான் அங்கே மட்டும் சொல்லவில்லை, உனக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்றுதான். அதுதான் வம்பாக முடிந்தது. சனிக்கிழமை காலை விருதுநகர் போய்ப் பருப்புக் கடையில் சம்சு சம்பந்தியைப் பார்த்து முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு விரலை மடக்கினார். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர், நாலு மாசம், நடுவுல பெருநாளைக்கு வந்து எங்க வீட்டுல சேமியா சாப்பிட்டுட்டுப் போனீக, அன்னைக்கும் வாயைத் திறக்கலை, நாங்க என்ன பார்ட்டியா, கஸ்டமரா, பொண்ணு கொடுத்து வாங்கினதுக்கு வேற என்ன அர்த்தம் என்று கேட்டார். அவருக்குக் கோபம் பிள்ளைக்குச் சுகமில்லாததில் இல்லை, தன்னை ஆளாக மதிக்கவில்லை என்பதில். டீகூடச் சொல்லவில்லை, நானும் குடிக்காமல் பஸ் ஏறினேன். நேற்றுக் காலை பத்து மணிக்கு உன் மாமியார் நாட்டுக்கோழிக் குழம்பும் இட்லியுமாக வந்து இறங்கினார்கள். மஹ்ரீனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. நவ்ஷாத் சின்ன வயதில் ஆட்டுக்குட்டியோடுதான் தூங்குவேன் என்று அடம்பிடித்த கதையைச் சொல்லிவிட்டு, அவள் கட்டிலிலேயே படுத்து ஒரு தூக்கம் போட்டார்கள். கிளம்பும்போது உன் அம்மாவிடம், அப்சானா பயந்திருக்கா, அவகிட்ட நான் பேசிக்கிறேன், எம் மக வாயையும் நான் பாத்துக்கிறேன் என்றார்கள். ஆகவே அந்தப் பக்கம் உனக்குப் பயம் வேண்டாம். உன் நாத்தனார் மூளை என்று பேசியது தப்பு, மறைத்துவிட்டீர்கள் என்றது தப்பில்லை.

நஷ்டமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ராஜபாளையத்திலிருந்து மஹ்ரீனுக்குப் பேசிக்கொண்டிருந்த இடம் சத்தமில்லாமல் விலகிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரி தன் மகளை மாடிக்கு அனுப்புவதில்லை. விலகுகிறவர்கள் விலகட்டும், பதினேழு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளைக்கு என்ன அவசரம், முதலில் அவள் படிக்கட்டும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். காலையில் நவ்ஷாத் போனால் சாயங்காலம்தான் வருகிறார், அந்த ஃபிளாட்டில் பகல் முழுவதும் நீ யாரோடு பேசுகிறாய். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், நல்லா இருக்கேன் அத்தா, ஒரு குறையும் இல்லை என்கிறாய். அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல், அதை வைத்துத்தான் முப்பது வருஷம் நான் வியாபாரம் பண்ணினேன். கீழ் வீட்டில் மலையாளக் குடும்பம் இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாய். போய்ச் சர்க்கரை கேள், உன் வீட்டில் இருந்தாலும் கேள். மனது சரியில்லாத அன்றைக்கு எங்களிடம் சரியில்லை என்றே சொல், நாங்கள் தாங்குவோம். இங்கே வந்து ஒரு மாதம் இருக்க வேண்டும் போலிருந்தால் அதையும் சொல், நவ்ஷாத்திடம் நான் பேசுகிறேன்.

கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் போடு, வெள்ளிக்கிழமை வரட்டும் என்று இருக்காதே. நான் எடுத்தாலும் உன் அம்மா எடுத்தாலும் முதலில் மஹ்ரீனைக் கூப்பிடு. மாத்திரை போட்டியா, படித்தாயா என்று ஆரம்பிக்காதே, அதைக் கேட்க நாங்கள் போதும். விளக்கை அணைத்த பிறகு நீங்கள் ரெண்டு பேரும் என்னதான் பேசுவீர்களோ எனக்குத் தெரியாது, அதைப் பேசு. எவ்வளவு நேரம் பேசினாலும் கீழேயிருந்து சத்தம் போட மாட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மஹ்ரீன் டீ கொண்டு வந்தாள், நாலு நாளில் இன்றைக்குத்தான் கீழே இறங்கியிருக்கிறாள். யாருக்கு அத்தா என்றாள். அக்காவுக்கு என்றேன். என்னைப் பத்தியா என்றாள். என் கை தானாகப் போய்க் காகிதத்தை மூடிக்கொண்டது, பழக்க தோஷம். அவள் என் கையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. கையை எடுத்துவிட்டேன். ஆமா, உன்னைப் பத்தித்தான், எழுதி முடிச்சதும் நீயே படிச்சுப் பாத்து, வேண்டாங்கிறதை அடிச்சுட்டு, நீயே தபாலாபீசுல போட்டுட்டு வா என்றேன். பூட்டுப் போட்டதையும் எழுதியிருக்கீங்களா என்று கேட்டாள். எழுதியிருக்கேன் என்றேன். செல்வி வந்ததும் போறேன் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு திரும்பி வந்து, வேண்டாம், தனியாவே போறேன் என்றாள்.

அதனால் கவரை ஒட்டாமல் அவள் கையில் கொடுக்கப் போகிறேன். இதில் ஏதாவது வரி அடித்திருந்தால் அது அவள் அடித்தது. அங்கே என்ன எழுதியிருந்தது என்று என்னிடம் கேட்காதே, நான் சொல்ல மாட்டேன். அவளிடமே கேள்.

உன்னையும் மருமகனையும் அல்லாஹ் கண் போலக் காப்பானாக. நவ்ஷாத்துக்கு என் சலாம். வெயில் தாழ்ந்த பிறகு தினமும் கொஞ்ச தூரம் வெளியே நடந்து வா, வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு உன் மேல் கோபமில்லாத
அத்தா
சுல்தான்